மாணவர் அசைன்மென்டும் செயற்கை நுண்ணறிவும்: ஒரு விரிவுரையாளரின் கேள்விக்குப் பதில்

தென்காசிப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் வரலாறு கற்பிக்கும் கௌரவ விரிவுரையாளர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. இரண்டாம் ஆண்டு மாணவர் 58 பேருக்கு ‘ஆதிச்சநல்லூர் அகழாய்வு’ என்ற தலைப்பில் ஐந்து பக்க அசைன்மென்ட் கொடுத்தார். வந்தவற்றில் 41 தாள்கள் ஒரே முன்னுரை, ஒரே உட்தலைப்புகள், ஒரே வகையான முடிவுரை என்று அச்சில் வார்த்தாற்போல் இருந்தன. அவற்றுள் 14 தாள்களில், சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்கு வந்த கி.மு. 1155 என்ற காலக்கணிப்பு ஆதிச்சநல்லூரின் பெயரில் எழுதப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் எழுதிய சிலருடைய பத்திகளைத் தாமே தட்டச்சு செய்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு கண்டறியும் மென்பொருளில் இட்டுப் பார்த்தார். 80 விழுக்காடு, 90 விழுக்காடு ‘இயந்திரம் எழுதியது’ என்று காட்டியது. துறைத்தலைவர், ‘41 பேருக்கும் சுழியம் போடுங்கள், அடுத்த முறை திருந்துவார்கள்’ என்கிறார். போடலாமா, போடாவிட்டால் என்ன செய்வது, அடுத்த பருவத்தில் இது நேராமல் எப்படித் தடுப்பது என்று கேட்கிறார்.

சுழியம் போடாதீர்கள் என்பதே என் முதல் பதில். அந்த 41 பேரில் பெரும்பாலோர் சாட்ஜிபிடியையோ ஜெமினியையோ கேட்டுத்தான் எழுதியிருப்பார்கள் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் எவர் அப்படி எழுதினார், எவர் தாமே எழுதினார் என்று பிரித்துச் சொல்ல உங்கள் கையில் இருப்பது ஒரு விழுக்காட்டு எண் மட்டுமே, அதை வைத்து ஒரு மாணவரின் மதிப்பெண்ணைப் பறிக்க முடியாது. அதோடு, அசைன்மென்ட் கொடுத்தபோது இயந்திர உதவி கூடுமா கூடாதா என்று நீங்கள் எழுத்தில் எதுவும் சொல்லவில்லை என்பதையும் நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். சொல்லாத விதிக்குத் தண்டனை கொடுத்தால் மாணவர் அதைத் தண்டனையாகக் கொள்ள மாட்டார், தம் கெட்ட நேரம் என்றுதான் கொள்வார்.

அந்த எண் ஏன் சான்றாகாது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்துக் கல்லூரிகளில் இந்த எண்ணை மருத்துவமனைப் பரிசோதனை அறிக்கையைப் போல நம்புகிறவர்களைப் பார்க்கிறேன். இம்மென்பொருள்களில் பல, ஒரு வாக்கியத்தில் அடுத்து வரும் சொல் எவ்வளவு எளிதாக ஊகிக்கத்தக்கது என்பதை அளக்கின்றன. ‘தாமிரபரணி ஒரு வற்றாத’ என்று எழுதி நிறுத்தினால் ‘ஜீவநதி’ என்ற சொல் நம் எல்லோர் வாயிலும் வந்துவிடும். மொழி இயந்திரங்களும் இப்படி ஊகித்து ஊகித்தே எழுதுகின்றன. ஆகவே ஊகிக்கத்தக்க சொற்களே தொடர்ந்து வந்தால் அது இயந்திரத்தின் எழுத்து என்று மென்பொருள் முடிவு கட்டுகிறது. இதில் உள்ள ஓட்டை உடனே தெரியும். குறைந்த சொல்வளத்தோடு, பாடநூலில் மனப்பாடம் செய்த தொடர்களைக் கொண்டு எழுதுகிற மாணவரின் நடையும் ஊகிக்கத்தக்கதுதான். இயந்திரத்திடம் ‘இதைக் கொஞ்சம் ஏற்ற இறக்கமாக மாற்றிக் கொடு’ என்று கேட்கத் தெரிந்தவர் தப்பிவிடுகிறார். தட்டுத் தடுமாறித் தாமே எழுதியவர் மாட்டிக்கொள்கிறார்.

இது என் ஊகம் மட்டுமன்று. 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டறியும் மென்பொருள்களில் இட்டுப் பார்த்தார்கள். மனிதர்கள் எழுதிய அந்தக் கட்டுரைகளைச் சராசரியாக 61 விழுக்காட்டுக்கு மேல் இயந்திரம் எழுதியவை என்று மென்பொருள்கள் தவறாகக் குறித்தன. அமெரிக்கப் பள்ளி மாணவர் எழுதியவற்றிலோ அத்தகைய தவறு மிகக் குறைவு. சாட்ஜிபிடியை 2022 நவம்பர் 30 அன்று வெளியிட்ட ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டு, இயந்திரம் எழுதியவற்றில் 26 விழுக்காட்டை மட்டுமே அது சரியாக அடையாளம் காண்கிறது, மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டைத் தவறாகக் குறிக்கிறது என்று தானே சொல்லி, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில், ஒப்புமை பார்க்கும் மென்பொருளான டர்னிட்டினில் உள்ள இயந்திர எழுத்தைக் கண்டறியும் வசதியை நிறுத்தியபோது சொன்ன கணக்கு எளிமையானது: ஒரு விழுக்காடுதான் தவறு என்று வைத்துக்கொண்டாலும், அங்கே ஓர் ஆண்டில் வரும் 75,000 தாள்களில் 750 தாள்கள் அநியாயமாகக் குற்றம் சாட்டப்படும். நம் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 2,000 மாணவர் படிக்கும் ஒரு கல்லூரியில் ஆளுக்கு ஆண்டுக்குப் பத்து அசைன்மென்ட் என்றால், அந்த ஒரு விழுக்காடு 200 தாள்கள். இம்மென்பொருள்கள் பெரும்பாலும் ஆங்கில உரைகளைக் கொண்டு பழக்கிச் சோதிக்கப்பட்டவை என்பதால் தமிழில் எழுதிய தாளை அவற்றில் இடுவதில் இன்னும் பொருளில்லை.

நானும் இதே தவற்றைச் செய்தவன். 2023இன் பிற்பகுதியில், ஆங்கிலப் பாடத்தின் ஓர் அசைன்மென்டில் முதலாண்டு மாணவி ஒருவரின் தாளுக்கு 92 விழுக்காடு என்று மென்பொருள் காட்டியது. வகுப்பிலேயே அவர் பெயரைச் சொல்லி, மதிப்பெண் இல்லை என்று அறிவித்தேன். முக்கூடல் பக்கத்துப் பெண். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. வீட்டில் தாயார் பீடி சுற்றுகிறவர். வகுப்பு முடிந்ததும் வாசலில் நின்று, “சார், இது நானா எழுதுனதுதான் சார். ரஃப் நோட்டு வீட்ல கெடக்கு, கொண்டு வரட்டுமா?” என்று கேட்டார். மறுநாள் கொண்டு வந்தார். நீள நோட்டில் ஒன்பது பக்கம். ஒரே தொடக்க வாக்கியத்தை நான்கு முறை எழுதி நான்கு முறை அடித்திருந்தார். ஆங்கிலச் சொற்களின் தலைக்கு மேல் பென்சிலால் தமிழ்ப் பொருள். ஓரிடத்தில் வேகமாக எழுதிய தமிழ் வாக்கியம் ஒன்று, அதன் கீழே அதையே ஆங்கிலத்தில் சொல்ல மூன்று முயற்சிகள். பள்ளியில் கட்டுரைகளை மனப்பாடம் செய்து எழுதியே ஆங்கிலம் கற்றவர் என்பதால் தாளில் வந்த தொடர்கள் எல்லாம் வழக்கமானவை. அந்த வழக்கமான தொடர்களைத்தான் மென்பொருள் ‘இயந்திரம்’ என்று குறித்திருந்தது. வகுப்பில் குற்றம் சாட்டியதால் வகுப்பிலேயே மன்னிப்புக் கேட்டேன், மதிப்பெண்ணைத் திருத்தினேன். ஆனாலும் அந்தப் பருவம் முழுவதும் அந்தப் பெண் முன் வரிசையில் உட்காரவில்லை. அன்றிலிருந்து அத்தகைய மென்பொருளை நான் திறக்கவில்லை. உங்கள் 41 பேரில் இப்படி ஒருவர் இருந்தாலும் அவருக்கு நீங்கள் போடும் சுழியம் சாதாரணச் சுழியமாக இருக்காது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தெளிவுபடுத்திவிடுகிறேன். ‘யுஜிசி விதிப்படி 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் நடவடிக்கை எடுக்கலாமே’ என்று சிலர் சொல்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டுக் கருத்துத் திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறை பேசுவது ஒப்புமையை, அதாவது ஏற்கெனவே வெளிவந்த எழுத்தோடு ஒத்திருக்கும் அளவை. 10 விழுக்காடு வரை குற்றமில்லை, 10 முதல் 40 வரை ஒரு நிலை, 40 முதல் 60 வரை அடுத்த நிலை, 60க்கு மேல் பதிவையே நீக்கும் நிலை என்று ஆய்வேடுகளுக்கு அது படிகள் வகுக்கிறது. ஒப்புமை காட்டும் மென்பொருள் எந்தப் பக்கத்திலிருந்து எந்த வரி எடுக்கப்பட்டது என்று பக்கத்தில் வைத்துக் காட்டும். நாமும் கண்ணால் பார்த்து உறுதி செய்யலாம். இயந்திர எழுத்துக்கு அப்படி ஒரு மூலப் பக்கம் கிடையாது, சொற்களை அது அந்த நேரத்தில் புதிதாகக் கோக்கிறது. இரண்டும் விழுக்காட்டில் வருவதால் ஒன்றென்று எண்ணி, ஒன்றன் விதியை மற்றதற்குப் பொருத்துவது பிழை.

சரி, கண்டுபிடிக்க முடியாது என்றால் விட்டுவிடலாமா? விடக்கூடாது. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவரைக் கொண்டு நடத்திய ஒரு கணிதச் சோதனையின் முடிவு 2025இல் வெளிவந்தது. சாதாரண சாட்ஜிபிடி போன்ற உதவியோடு பயிற்சிக் கணக்குகளைப் போட்டவர்கள், உதவியின்றிப் போட்டவர்களைவிட 48 விழுக்காடு கூடுதலாகச் சரியாகப் போட்டார்கள். பிறகு அந்த உதவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதே மாணவர்கள், இயந்திரத்தையே பாராதவர்களைவிட 17 விழுக்காடு குறைவாகச் செய்தார்கள். மூன்றாவது குழுவுக்கு, விடையைச் சொல்லாமல் ஆசிரியர் எழுதிக்கொடுத்த குறிப்புகளின்படி வழி மட்டும் காட்டுமாறு அமைத்த இயந்திரத்தைக் கொடுத்தார்கள். பயிற்சியில் அவர்கள் 127 விழுக்காடு முன்னேறினார்கள், தேர்விலும் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. கருவி ஒன்றே, அது விடையைக் கையில் கொடுக்கிறதா, யோசிக்க வைக்கிறதா என்பதைப் பொறுத்துப் பலன் மாறுகிறது. நம் மாணவருக்குப் பல்கலைக்கழகத் தேர்வில் 75 மதிப்பெண் கையால், கைப்பேசியின்றி, மூன்று மணி நேரத்தில் எழுதி வாங்க வேண்டியது. பருவம் முழுவதும் இயந்திரத்தின் பத்தியைப் பார்த்து எழுதியவர் நவம்பரில் அந்த அறைக்குள் போய் உட்காரும்போது கை ஓடாது. அரியர் விழுவது அங்கேதான். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு அந்த அரியர் ஓராண்டு வாழ்க்கை.

அதே நேரத்தில் மாணவரை மட்டும் குறை சொல்லவும் என்னால் இயலவில்லை. சீனியரின் அசைன்மென்டை வாங்கித் தலைப்புத் தாளை மாற்றி வைப்பதும், கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் நோட்ஸ் வாங்கி அப்படியே இறக்குவதும் இயந்திரம் வருவதற்கு முன்பே இருந்தன; ஐந்து பக்கம் நிறைந்திருந்தால் நாமும் ஒரு சரி போட்டு எட்டு மதிப்பெண் கொடுத்தோம். பக்கம் நிறைய வேண்டும் என்பதுதான் நாம் உண்மையில் கேட்டது, அதை மாணவர் கொடுத்தார். இப்போது அதே வேலையைச் செய்யும் கருவி இலவசமாகக் கைக்கு வந்திருக்கிறது. 2025இல் மட்டும் கூகுள் தன் கட்டணச் சேவையை இந்தியக் கல்லூரி மாணவருக்கு ஓராண்டு இலவசமாக அளித்தது, ஏர்டெல் இணைப்போடு பெர்பிளெக்சிட்டி என்ற இன்னொரு செயற்கை நுண்ணறிவுச் சேவை இலவசமாக வந்தது, நவம்பரிலிருந்து சாட்ஜிபிடியின் கட்டணச் சேவைகளுள் ஒன்றான ‘கோ’ ஓராண்டு இலவசமாயிற்று. கையால் எழுதிவரச் சொன்னால் போதும் என்று எண்ணுபவர்கள், பேருந்து நிலையத்துப் பெஞ்சில் கைப்பேசியைத் தண்ணீர்ப் புட்டியில் சாய்த்து வைத்துக்கொண்டு ஏ4 தாளில் பார்த்து எழுதும் பிள்ளைகளை ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும்.

ஆகவே மதிப்பெண்ணை எங்கே வைக்கிறோம் என்பதை மாற்றுவதுதான் வழி. ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகம் மதிப்பீடுகளை இரண்டு தடங்களாகப் பிரித்திருக்கிறது. ஒன்று, ஆசிரியரின் கண்முன் நடப்பது. அங்கே மாணவருக்கு என்ன தெரியும் என்பது உறுதியாகச் சோதிக்கப்படும். மற்றது திறந்தது, அங்கே இயந்திரத்தைப் பயன்படுத்தலாம், எப்படிப் பயன்படுத்துவது என்று கற்றும் கொடுப்பார்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு ‘தொடாதே’ என்று மட்டும் சொல்லும் நடுத்தடம் ஒன்றை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை; காவல் இல்லாத தடை, நேர்மையாக நடப்பவரை மட்டுமே தண்டிக்கும். அவர்களுடைய வசதிகள் நமக்கில்லை என்பது உண்மை. ஆனால் இந்தப் பிரிவினை நமக்கு எளிதாகப் பொருந்துகிறது, ஏனென்றால் நம்மிடம் 75 மதிப்பெண் ஏற்கெனவே கண்முன் நடக்கும் தேர்வில் இருக்கிறது. நாம் கவலைப்பட வேண்டியது அகமதிப்பீட்டில் அசைன்மென்டுக்கு உள்ள 10 மதிப்பெண்ணைப் பற்றியே. அந்தப் பத்தில் ஐந்தை, கொண்டு வந்த தாளுக்குக் கொடுக்காமல், அந்தத் தாளைப் பற்றி உங்கள் முன்னால் பேசுவதற்கோ வகுப்பிலேயே எழுதுவதற்கோ வையுங்கள்.

58 பேரிடம் பேச நேரம் ஏது என்று கேட்பீர்கள். நான் செய்து பார்த்த கணக்கைச் சொல்கிறேன். வாரம் நான்கு பாட வேளை, பதினைந்து வாரம் என்றால் ஒரு பருவத்தில் 60 வேளைகள். அவற்றில் இருபது வேளைகளின் கடைசிப் பதினைந்து நிமிடத்தை ஒதுக்கி, வேளைக்கு மூன்று பேர் என்று கூப்பிட்டால் எல்லோரையும் ஒருமுறை கேட்டுவிடலாம். ஐந்து நிமிடம் போதும். தாளைக் கையில் கொடுத்து, ‘இந்தப் பத்தியை உங்கள் சொல்லில் சொல்லுங்கள்’, ‘இந்தச் செய்தி எங்கே கிடைத்தது’, ‘இதில் உங்களுக்கே நிச்சயமில்லாத வரி எது’ என்று மூன்று கேள்விகள். தமிழில் சொல்லட்டும், நெல்லைப் பேச்சிலேயே சொல்லட்டும். மூன்றாவது கேள்விக்குத் தாமே படித்து எழுதியவர் உடனே ஒரு வரியைத் தொட்டுக் காட்டுவார். பார்த்து எழுதியவருக்கு எல்லா வரியும் ஒன்றுபோலத் தெரியும். வெட்கப்பட்டுப் பேசாதிருக்கும் மாணவரும் உண்டு, அவருக்கு அதே கேள்விகளை எழுதிக் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். பேச்சு வராததும் படிக்காததும் வேறு வேறு.

அடுத்தது, கேள்வியையே மாற்றுவது. நான் சுற்றுச்சூழல் கல்விப் பாடம் எடுத்தபோது ‘வெள்ளப் பேரிடர் மேலாண்மை’ என்று வழக்கமாகக் கொடுக்கும் தலைப்பை விட்டுவிட்டு, 2023 டிசம்பர் 17, 18ஆம் தேதிகளின் வெள்ளத்தை எடுத்துக்கொண்டேன். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்து, தாமிரபரணி கரை மீறி, நெல்லை நகரின் கொக்கிரகுளத்திலும் மீனாட்சிபுரத்திலும் வீடுகளுக்குள் ஏறிய வெள்ளம் அது. மாணவர் செய்ய வேண்டியது இவ்வளவே: தண்ணீர் ஏறிய ஒரு தெருவில் மூன்று வீடுகளில், சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை அளவுநாடாவால் தெருமட்டத்திலிருந்து அளக்க வேண்டும், எத்தனை மணிக்கு ஏறியது, எப்போது வடிந்தது என்று அந்த வீட்டாரிடம் கேட்க வேண்டும், அங்கேயே நின்று நோட்டில் குறிக்க வேண்டும். ஒரு மாணவர், அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் கோடு முக்கால் அடி வேறுபடுகிறது என்று வந்து நின்றார். தண்ணீர் ஒரே மட்டத்தில்தானே நிற்கும், எப்படி என்று வகுப்பே வாதிட்டது. திரும்பிப் போய்ப் பார்த்தபோது, ஒரு வீட்டார் அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடித்ததில் மேல்கோடு மறைந்துவிட்டது, அவர் அளந்தது தண்ணீர் வடியும்போது படிந்த இரண்டாவது கோடு என்று தெரிந்தது. இதை எந்த இயந்திரத்திடம் கேட்டிருந்தாலும் வடிகால், விழிப்புணர்வு, முன்னெச்சரிக்கை என்று மூன்று பத்தி வந்திருக்கும். ஆனால் உள்ளூர்த் தலைப்பு என்பதே பாதுகாப்பாகிவிடாது. ‘மீனாட்சிபுரத்தில் மூன்று வீட்டாரை நேர்கண்டதாக எழுது’ என்றால் இயந்திரம் பெயரோடு மூவரை உண்டாக்கிக் கொடுக்கும். அளவு, நேரம், நோட்டில் அங்கேயே எழுதிய கிறுக்கல் ஆகியவற்றுக்கு மதிப்பெண் வைத்தால்தான் அந்த வழி அடைபடும்.

உங்கள் ஆதிச்சநல்லூரை இப்படியே மாற்றலாம். 1876இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் தோண்டியது, 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியது, 2004, 2005இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியது என்ற வரிசையை யாரும் எங்கிருந்தும் எடுத்துவிடலாம். அதை எழுதச் சொல்லாதீர்கள், நீங்களே வகுப்பில் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். நெல்லையில் திருச்செந்தூர் பேருந்தில் ஏறினால் வழியில் ஆதிச்சநல்லூர். அங்கே இடத்திலேயே காட்சியகம் இருக்கிறது, நெல்லையை அடுத்த ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரே ஒரு பானையைத் தேர்ந்தெடுத்து, அரை மணி நேரம் அதன் முன் நின்று, பென்சிலால் வரைந்து, கழுத்து, வாய், கருப்பும் சிவப்பும் மாறும் இடம், விரிசல் ஆகியவற்றைக் கண்ணால் கண்டபடி எழுதி வரட்டும். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு நாள் பயணம் முடியாமல் போகலாம். அவர்களுக்கு நூலகத்தில் உள்ள ஒரு படத்தைக் கொண்டு அதே பயிற்சியைக் கொடுங்கள்.

இயந்திரத்தை மறைக்காமல் வகுப்பிலேயே திறந்து, அதன் பிழையைத் தேட வைப்பதும் நல்ல பாடம். ‘சங்க இலக்கியத்தில் தாமிரபரணி’ என்று கேட்டுப் பாருங்கள். தாமிரபரணிக்குப் பொருநை என்ற பெயர் உண்டு. புறநானூற்றின் 11ஆம் பாட்டில் பேய்மகள் இளவெயினி தண்பொருநையைப் பாடுகிறார். இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு, அந்தப் பாட்டு நெல்லையின் ஆற்றைப் பற்றியது என்று தயங்காமல் எழுதும் பதிலை நானே பார்த்திருக்கிறேன். அச்சிட்ட நூலை விரித்தால், அந்தத் தண்பொருநைப் புனல் பாய்வது சேரரின் வஞ்சியில் என்று பாட்டே சொல்கிறது. பெயர் ஒன்றுதான், ஆறு வேறு. சிவகளை நெல் ஆதிச்சநல்லூருக்குப் போன கதையும் இதுவே. இரண்டும் தாமிரபரணிக் கரைத் தொல்லியல், இரண்டும் சேர்ந்தே செய்திகளில் வருகின்றன, அடுத்த சொல்லை ஊகிக்கும் இயந்திரத்துக்கு அவை அருகருகே கிடக்கின்றன. நியூயார்க்கில் 2023இல் வழக்கறிஞர்கள் இயந்திரம் புனைந்து கொடுத்த, இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டிய செய்தியை மாணவரிடம் சொல்லுங்கள். நம் ஊர்ப் பாட்டில் பிழையைத் தாமே பிடித்த பிறகு சொன்னால் அது மனத்தில் தைக்கும்.

விதியை எழுத்தில் வைப்பது பற்றி. கல்லூரி முழுவதற்கும் ஒரே விதி என்று காத்திராமல், ஒவ்வொரு அசைன்மென்ட் தாளின் தலையிலும் மூன்று வரி எழுதிவிடுங்கள். நான் எழுதுவது இப்படி: ‘இந்த வேலையில் தலைப்பைப் புரிந்துகொள்ளவும், சொற்பொருள் கேட்கவும், எழுதி முடித்தபின் மொழிப்பிழை திருத்தவும் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாம். பத்திகளை அதைக் கொண்டு எழுதக்கூடாது. பயன்படுத்தியிருந்தால் எதற்கு என்று கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி எழுதவும். எழுதியதற்காக மதிப்பெண் குறையாது.’ அந்தக் கடைசித் தொடர் இல்லாவிட்டால் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். ஆங்கிலம் எழுதப் பழகுவதே நோக்கமாக உள்ள பாடத்தில் மட்டும், முதல் வரைவு வரை எந்த உதவியும் கூடாது என்று மாற்றிக்கொள்கிறேன். வரலாற்றிலோ பொருளியலிலோ தமிழ் வழியில் வந்த ஒரு பிள்ளை தன் கருத்தைத் தமிழில் எழுதி, ஆங்கிலமாக்க இயந்திர உதவி கேட்டால் அதை நான் தடுப்பதில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அண்ணனோ டியூஷன் ஆசிரியரோ செய்து கொடுத்த வேலைதான் அது.

கணினி அறிவியல் துறையினருக்குச் சுருக்கமாக ஒன்று: எழுதி வந்த நிரலில் ஒரு வரியை நீங்கள் கெடுத்துவிட்டு, ஆய்வகத்தில் உங்கள் முன்னால் சரிசெய்யச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களாகிய நமக்கும் விதி வேண்டும். மாணவரின் தாளை, பெயரும் பதிவெண்ணும் இருக்கும்படி, முகம் தெரியாத இலவச இணையதளங்களில் ஏற்றக்கூடாது. அது அவர்களுடைய எழுத்து, அவர்களுடைய தனிவிவரம். இயந்திரத்தைக் கொண்டு வினாத்தாள் தயாரித்தால் மாணவரிடம் சொல்லுங்கள். மதிப்பெண் போடும் வேலையை அதனிடம் விடாதீர்கள். ஒன்பது பக்க ரஃப் நோட்டை எழுதிய பிள்ளைக்கு, அதை ஒரு மனிதர் படிக்கிறார் என்பதாவது நிச்சயமாக இருக்க வேண்டும்.

இனி உங்கள் கையில் உள்ள 58 தாள்கள். 41 என்று பிரிக்க வேண்டாம், எல்லோருக்கும் ஒன்றாகவே செய்யுங்கள். வரும் வாரம் ஒரு பாட வேளையை அறிவித்து, கைப்பேசிகளைப் பையில் வைக்கச் சொல்லி, அவரவர் தாளையும் ஒரு வெள்ளைத் தாளையும் கையில் கொடுங்கள். மூன்று கேள்விகள் போதும். உங்கள் தாளின் மூன்றாவது பக்கத்தைப் பாராமல் பத்து வரியில் திருப்பிச் சொல்லுங்கள். கி.மு. 1155 என்பது எந்த ஊரில் கிடைத்த எந்தப் பொருளுக்குரியது, உங்கள் தாளில் அது சரியாக இருக்கிறதா? இந்தத் தாளை மீண்டும் எழுதினால் எந்த வரியை நீக்குவீர்கள், ஏன்? பத்து மதிப்பெண்ணையும் அந்த வெள்ளைத் தாளுக்கே போடுங்கள். இயந்திரத்தைக் கேட்டு எழுதியிருந்தாலும் பிறகு உட்கார்ந்து படித்தவருக்கு மதிப்பெண் கிடைக்கும், கிடைக்கட்டும்.

துறைத்தலைவரிடம், தண்டனையைத் தவிர்க்கிறேன் என்று சொல்லாதீர்கள். அவர் கேட்பதும் மாணவர் படிக்க வேண்டும் என்பதுதான். ‘சுழியம் போட்டால் ஒரு பெற்றோர் வந்து எதை வைத்துப் போட்டீர்கள் என்று கேட்கும்போது நம்மிடம் காட்ட ஒன்றுமில்லை, இப்படித் தேர்வு வைத்தால் அவரவர் கையெழுத்தில் 58 தாள் இருக்கும்’ என்று சொல்லுங்கள். நிரந்தரப் பணியில் இல்லாத உங்களுக்கு இதைச் சொல்வது எளிதன்று என்பது எனக்குத் தெரியும். அகமதிப்பீட்டு மதிப்பெண்களைப் பதிவேற்ற வேண்டிய கடைசி நாளையும் சேர்த்துக் காட்டி, அதற்குள் முடித்துவிடுவேன் என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். தேதியைப் பலகையில் எழுதும் அன்றே, நூலகத்தில் ஆதிச்சநல்லூர் பற்றி இருக்கும் நூல்களை உங்கள் பெயரில் எடுத்து வகுப்பு மேசையில் வைத்துவிடுங்கள். ஒரு வாரம் அங்கேயே கிடக்கட்டும், புரட்டுகிறவர்கள் புரட்டுவார்கள்.